ரோமில் வரைந்த எண்டர்பிரைஸ்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் கோள் கோளாகப் போகும் குழுவைப் பற்றிய ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் பழைய காமிக்ஸ் பற்றிப் போகிற போக்கில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தபின் இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். அமெரிக்காவில் கோல்ட் கீ என்ற பெயரில் 1967 முதல் 1979 வரை வந்த 61 இதழ்களைப் பற்றித்தான் பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்து விஷயங்கள் சிலவும் உண்டு.

கேள்வி: எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் பார்த்தவன் நான். இப்போது அந்தக் காலத்துக் காமிக்ஸைச் சேர்க்க ஆசை. முதல் இதழையே வாங்கி ஆரம்பித்துவிடலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். விலையும் போட்டியும் ஏமாறும் வாய்ப்பும் அதற்குத்தான் அதிகம். 1967 ஜூலை தேதியிட்ட இதழ், 12 சென்ட், அட்டையில் நடிகர்களின் புகைப்படம். தொடரின் ரசிகர், பொதுவாகக் காமிக்ஸ் சேர்ப்பவர், நாளை விற்றால் லாபம் என்று வாங்கி வைப்பவர், இந்த மூன்று பேரும் ஒரே பிரதிக்கு மோதுகிறார்கள். புதிதாக வருகிறவர் அங்கே போய் நின்றால் பையிலிருக்கும் பணம் முழுவதும் ஒரே இதழில் போய்விடும், அப்புறம் மற்ற அறுபதையும் வாங்க மனசே வராது.

கடைசியிலிருந்து வாருங்கள். நாற்பதுக்கு மேற்பட்ட எண்களில், அட்டை கொஞ்சம் மடங்கி, முதுகில் சில கோடுகள் விழுந்து, ஆனால் உள்ளே எல்லாப் பக்கமும் ஒழுங்காக இருக்கிற பிரதிகள் பத்து டாலருக்குள்ளேயே அடிக்கடி கிடைக்கின்றன. ஐந்தாறு இதழ் கையில் வந்து, படித்து, தாள் எப்படி இருக்கும், மை எப்படி இருக்கும், எந்த மாதிரிக் குறை உங்களுக்குப் பொறுக்கும், எது பொறுக்காது என்றெல்லாம் தெரிந்தபிறகு முன்னால் நகருங்கள். முதல் ஒன்பது இதழ்களுக்குப் புகைப்பட அட்டை. பத்தாவதிலிருந்து ஜார்ஜ் வில்சன் தீட்டிய ஓவிய அட்டைகள் தொடங்குகின்றன. புகைப்பட அட்டைகளுக்குத்தான் விலை ஏறும் என்றாலும், வில்சனின் ஓவியங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கி, 79 பாகங்களோடு 1969 ஜூன் 3 அன்று நின்றுபோனது. அதுவரை வந்திருந்த காமிக்ஸ் நான்கே நான்கு. இரண்டாவது இதழ் வரவே கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. மிச்சமெல்லாம் தொடர் இல்லாத பத்து வருடத்தில், மறுஒளிபரப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக வந்தவை. அந்த வறண்ட காலத்தில் புதுக் கதை வேண்டுமென்றால் இந்த இதழ்கள், சில நாவல்கள், 1973-74இல் வந்த 22 பாகக் கார்ட்டூன், இவ்வளவுதான். விலைப் பட்டியல் எதுவும் இதைச் சொல்லாது. 25ஆம் எண்ணையோ 40ஆம் எண்ணையோ கையில் எடுக்கும்போது எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது இதுதான்.

கேள்வி: மூன்று பழைய இதழ்கள் கிடைத்தன. கேப்டன் கிர்க், அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்பாக், எல்லாருக்கும் பச்சைச் சட்டை! எண்டர்பிரைஸ் கப்பலின் இரண்டு குழாய்களிலும் பின்பக்கம் நெருப்பு வருகிறது. என்ஜினியர் ஸ்காட்டி வேறு யாரோ மாதிரி இருக்கிறார். போலிப் பிரதிகளா?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: போலி இல்லை, அசல்தான். அசல் என்பதற்கு அந்த நெருப்பே சாட்சி.

கோல்ட் கீ என்பது விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரைச் சேர்ந்த வெஸ்டர்ன் பப்ளிஷிங் நிறுவனத்தின் காமிக்ஸ் பெயர். அதுவரை டெல் என்ற இன்னொரு பதிப்பகத்தின் பெயரில் வந்துகொண்டிருந்த காமிக்ஸை 1962இல் பிரித்துக்கொண்டு வந்து சொந்தப் பெயரில் போட ஆரம்பித்தார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்கு உரிமம் வாங்கிக் காமிக்ஸ் போடுவதுதான் அவர்களுடைய முக்கியத் தொழில். முதல் இரண்டு ஸ்டார் ட்ரெக் இதழ்களையும் வரைந்தவர் நெவியோ செக்காரா என்ற இத்தாலியர். மூன்றாவதிலிருந்து நெடுங்காலம் வரைந்தவர் ஆல்பர்ட்டோ ஜியோலிட்டி, அவரும் இத்தாலியர். ரோமில் பிறந்து, அர்ஜென்டினா போய், அங்கிருந்து அமெரிக்கா போய் வேலை செய்துவிட்டு, மறுபடி ரோமுக்கே திரும்பி அங்கே ஸ்டூடியோ வைத்து நடத்தியவர். தூரோக் என்ற டைனோசர் காமிக்ஸை வருடக்கணக்காக வரைந்து பெயர் வாங்கியிருந்தார். அவர் இருந்த ஊரில் ஸ்டார் ட்ரெக் ஒளிபரப்பே கிடையாது. கையில் இருந்ததெல்லாம் விளம்பரத்துக்காக எடுத்த சில புகைப்படங்களும், அமெரிக்காவிலிருந்து வந்த கதை வசனமும்தான். படத்தில் கப்பல் அசையாமல் நிற்கிறது, அதன் இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ராக்கெட் வரையும் எந்த ஓவியரும் செய்வதை அவரும் செய்தார், பின்னால் நெருப்பு வைத்தார்.

இதை எடுத்து வைத்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. கிர்க்கின் முகம் புகைப்படத்திலிருந்து வந்தது என்பது தெரியும், ஒரே கோணம் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஒரு பாறைப் பள்ளத்தாக்கையோ, இடிந்த நகரத்தையோ, யாரும் பார்த்திராத மிருகத்தையோ வரையச் சொன்னால் அந்தப் பேனா எங்கேயோ போய்விடும்! தொலைக்காட்சியில் செட் போட்டுக் காட்ட முடியாததையெல்லாம் ரோமில் உட்கார்ந்துகொண்டு மையில் காட்டியிருக்கிறார். தொடரைப் பார்த்திருந்தால் அந்தச் செட்டுகளையே பார்த்துப் பார்த்து வரைந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சட்டைப் பச்சைக்கு வருகிறேன். எல்லாருக்கும் ஒரே பச்சை அடித்தது தவறுதான், ஸ்பாக்குக்கு நீலம் வரவேண்டும். ஆனால் கிர்க்கின் சட்டை விஷயம் வேறு. தொடருக்கு உடை வடிவமைத்த வில்லியம் தீஸ் பிற்பாடு சொன்னபடி அந்தத் துணியின் உண்மையான நிறமே பச்சைதான், ஃபிலிமில் பதியும்போது பொன்நிறமாகத் தெரிந்தது. ஆக, கிர்க்கைப் பொறுத்தவரை ரசீன்காரர்கள் அடித்த நிறம் அசல் துணிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: முதல் இதழின் கதையை மறுபதிப்பில் படித்தேன். முடிவில் ஒரு கோளில் இருக்கும் செடிகொடி அனைத்தையும் ஸ்பாக் எரித்துவிடுகிறார். தொடரில் வரும் ஸ்பாக் இப்படிச் செய்வாரா? மனதுக்கு ஒப்பவில்லை.
(திருநெல்வேலி வாசகி)

பதில்: எனக்கும் ஒப்பவில்லை. கே-ஜி என்ற கோள், காற்றில் மிதக்கும் வித்துகள் உயிரினங்களைச் செடியாக மாற்றுகின்றன, இறங்கிய குழு மாட்டிக்கொள்கிறது. கற்பனை நன்றாகவே இருக்கிறது. முடிவில்தான் கப்பலிலிருந்து கதிர்வீச்சு, கோள் முழுக்கச் சாம்பல். எழுதிய டிக் வுட் அந்தக் காலத்து வேற்றுக்கிரகக் கதைகளின் வழக்கப்படி எழுதினார். மனிதனைத் தின்ன வருவது அரக்கன், அரக்கனை அழித்துவிட வேண்டும். தொடரிலோ அதே வருடத்தில் ஹோர்ட்டா என்ற பாறைப் பிராணியைப் பார்த்து, அது தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்று ஸ்பாக் கண்டுபிடிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், காமிக்ஸ் எழுதியவர்களுக்குத் தொடரின் மனசு இன்னும் பிடிபடவில்லை என்பது புரியும்.

பிடிபட்டது பிறகுதான். ஒன்பதாவது இதழிலிருந்து லென் வீன் எழுத வருகிறார், 1971 தொடக்கம். இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்த பையன், தொடரை ரசித்துப் பார்த்தவர். பின்னாளில் ஸ்வாம்ப் திங், வுல்வரின் ஆகிய காமிக்ஸ் நாயகர்களை உருவாக்கியதில் பங்குள்ளவர். அவர் வந்ததும் கதாபாத்திரங்கள் பேசும் பேச்சு மாறுகிறது. நீங்கள் ஒன்பதாவது இதழின் கதையைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ஒரே இதழ், ஒரே எண், ஒரே படம். ஆனால் ஒன்றில் கோல்ட் கீ முத்திரை, இன்னொன்றில் விட்மன் என்று போட்டிருக்கிறது. எது அசல்? அட்டையில் இருக்கும் நீளமான எண் என்ன?
(சிங்கப்பூர் வாசகர்)

பதில்: இரண்டும் அசல். விட்மனும் அதே வெஸ்டர்ன் பப்ளிஷிங்கின் பெயர்தான். பத்திரிகைக் கடைக்குப் போன பிரதிகளில் கோல்ட் கீ சாவி முத்திரை. மூன்று மூன்றாகப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெரிய கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் விற்றவற்றில் விட்மன் முகம். உள்ளே வித்தியாசம் இல்லை. சில எண்களில் ஒன்றைவிட இன்னொன்று கிடைப்பது கஷ்டம், அதனால் இரண்டையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். படிக்கச் சேர்ப்பவருக்கு எது மலிவோ அது போதும்.

அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைப் பாருங்கள். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் மாதம். 707 என்றால் 1967 ஜூலை. 903 என்றால் 1979 மார்ச், அதாவது 61ஆவது, கடைசி இதழ். விற்பவர் விளம்பரத்தில் தேதியைத் தப்பாகப் போட்டிருந்தாலும் படத்தைப் பெரிதாக்கி இந்த எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். முக்கியமாக 29ஆவது இதழ் வாங்கும்போது இதைச் செய்யுங்கள், ஏனென்றால் அது முதல் இதழின் கதையையே திரும்பப் போட்டது. அதேபோல 35இல் நான்காவதும், 37இல் ஐந்தாவதும், 45இல் ஏழாவதும் மறுபடி வந்திருக்கின்றன. முதல் இதழ் கதை என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள்.

தொடக்க இதழ்கள் சிலவற்றில் பின்னட்டையிலும் இரண்டு வகை உண்டு, ஒன்றில் விளம்பரம், ஒன்றில் படம். படம் உள்ளது அரிது. விற்பவரிடம் பின்னட்டையின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சென்னையில் கடலோரம் குடியிருக்கிறோம். இரண்டு மழைக்காலத்தில் என் பழைய காமிக்ஸ் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஸ்டேபிள் பின் துரு வேறு. லேமினேஷன் செய்துவிடட்டுமா? இல்லை, மொத்தமாக பைண்டிங் செய்துவிடட்டுமா?
(சென்னை வாசகர்)

பதில்: இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். லேமினேஷன் செய்த காமிக்ஸைத் திரும்ப எடுக்கவே முடியாது, சூடும் பசையும் தாளோடு ஒன்றிவிடும். பைண்டிங் கடையில் ஓரத்தை வெட்டி நேராக்குவார்கள், அதில் படத்தின் விளிம்பு போகும், முதுகில் ஊசி குத்திய துளை நிற்கும். நம் ஊரில் தமிழ்க் காமிக்ஸ்களைப் பத்துப் பத்தாக பைண்ட் செய்து காப்பாற்றிய குடும்பங்கள் நிறைய, அந்த அக்கறையால்தான் பல கதைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் இந்த இதழ்களுக்கு அது வேண்டாம். செலோடேப்பும் கூடாது. சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசையின் பழுப்புக் கறை மட்டும் தாளிலேயே நிற்கும்.

மஞ்சளாவதற்குக் காரணம் தாளிலேயே இருக்கிறது. செய்தித்தாள் ரகக் காகிதம் மரக்கூழில் செய்தது, அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் நிறம் மாறும், அமிலம் உண்டாகி இழைகளை நொறுக்கும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும், நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். ஒவ்வொரு இதழையும் அமிலம் இல்லாத போர்டோடு சேர்த்து உறையில் போடுங்கள். பணம் இருந்தால் மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை, அது நெடுங்காலம் நிற்கும். இல்லையென்றால் பாலிப்ரோப்பிலீன் உறை, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் ஆகவே ஆகாது, அவற்றிலிருந்து கசிவது மையில் ஒட்டிக்கொள்ளும். அறுபதுகளின் இதழ்கள் இப்போதைய காமிக்ஸைவிடச் சற்று அகலம், ஆகவே உறை வாங்கும்போது சில்வர் ஏஜ் அளவு என்று கேளுங்கள். இன்றைய அளவு உறையில் திணித்தால் ஓரம் மடங்கும்.

பெட்டியில் நிற்க வையுங்கள், சாயாமல், அடைக்காமல். பரண் வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர் கீழே அடுப்பு மாதிரி இருக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் ஈரத்தை இழுக்கும். வீட்டின் நடுவில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், உள்சுவர்ப் பக்கம் வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, மழைக்காலத்தில் அவற்றைக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாடை தாளில் ஏறிவிட்டால் இறங்காது. ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும், எனவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு இதழாகப் புரட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. எப்படியும் படிக்கத்தானே வாங்கினோம், படித்தபடியே பாருங்கள்.

துருப்பிடித்த பின்னை நீங்களே கழற்றிப் புதிதாக அடிக்காதீர்கள். விற்கும் எண்ணம் இருந்தால் அது பழுதுபார்த்த பிரதி என்ற கணக்கில் போய்விடும். துரு தாளைத் தின்னும் அளவுக்குப் போயிருந்தால் மட்டும், காகிதம் பாதுகாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: இங்கே கனடாவில் எல்லாரும் சிஜிசிக்கு அனுப்பிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வாங்குகிறார்கள். நானும் அப்படிச் செய்ய வேண்டுமா?
(ஸ்கார்பரோ வாசகர்)

பதில்: சிஜிசி என்பது காமிக்ஸின் நிலையைப் பார்த்துத் தரம் சொல்லும் நிறுவனம், 2000இல் தொடங்கியது. 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, முத்திரை வைத்து, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகிறார்கள். ஸ்லாப் என்று சொல்வார்கள். முதல் இதழை நல்ல நிலையில், பெரிய விலைக்கு, முகம் தெரியாதவரிடம் வாங்குகிறீர்கள் என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. நிறம் தொட்டிருக்கிறார்களா, ஓரம் வெட்டியிருக்கிறார்களா என்பதை நம் கண்ணால் படத்தில் பார்க்க முடியாது, அவர்கள் பார்த்து, பழுதுபார்த்த பிரதிக்கு ஊதா லேபிள் போடுவார்கள். அந்த ஒரு காரணத்துக்காக நான் அதை மதிக்கிறேன்.

மற்றபடி 52ஆவது இதழை ஸ்லாபில் அடைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. கூலி இதழின் விலையைத் தாண்டும், அப்புறம் யாரும் அதைத் திறந்து படிக்கவும் முடியாது. உடைக்காமல் ஜியோலிட்டியின் ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்க முடியாத ஒன்றை ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எங்கள் பெரியப்பாவின் புத்தகக் குவியலில் கெட்டி அட்டை போட்ட ஸ்டார் ட்ரெக் ஆண்டு மலர் ஒன்று இருந்தது. உள்ளே காமிக்ஸ், கேள்வி பதில், விண்வெளித் தகவல்கள். இது எந்த ரகம்?
(யாழ்ப்பாண வாசகி)

பதில்: நல்ல ரகம்! மான்செஸ்டரில் இருந்த வேர்ல்ட் டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் என்ற பதிப்பகம் வருடாவருடம் கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் போட்டது. உள்ளே இருக்கும் காமிக்ஸ் பெரும்பாலும் அமெரிக்கக் கோல்ட் கீ கதைகள்தான், மறுபடி அச்சிட்டது. கெட்டி அட்டை, கனமான தாள். அதனால் அமெரிக்க இதழ்கள் நொறுங்கிவிடும் இடத்தில்கூட இவை நிற்கின்றன. பெரிய விலை போகாது, அதைப் பற்றிக் கவலைப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் விலை அச்சிட்ட முனை கத்தரிக்கப்பட்டிருந்தால் அது பரிசாகக் கொடுத்த பிரதியாக இருக்கலாம். பிள்ளைகள் புதிர்களை நிரப்பியிருந்தால் அழிக்காதீர்கள், பெரியப்பாவின் கையெழுத்தாகவே இருந்துவிட்டால்?

பிரிட்டனுக்கென்று தனியாக ஒரு ஸ்டார் ட்ரெக் காமிக்ஸும் உண்டு. ஜோ 90 என்ற வார இதழில் 1969 ஜனவரியில் தொடங்கியது. பிபிசி அந்தத் தொடரை ஒளிபரப்ப ஆரம்பித்ததோ ஜூலை 12! அதாவது பிரிட்டிஷ் பிள்ளைகள் தொடரைப் பார்ப்பதற்கு ஆறு மாதம் முன்பே படக்கதையைப் படித்துவிட்டார்கள். அவசரத்தில் கேப்டனின் பெயரைக்கூட முதலில் கர்ட் என்று அச்சிட்டார்கள். பிறகு டிவி21 இதழுக்கும், அதன்பின் வேலியன்ட் இதழுக்கும் மாறி 1973 வரை ஓடியது. வாராவாரம் இரண்டு மூன்று பக்கம். மைக் நோபிள் போன்றவர்கள் வரைந்தவை. அந்த வார இதழ்களைத் தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பது பெரிய பாடு. 2016 முதல் அமெரிக்காவின் ஐடிடபிள்யூ நிறுவனம் மூன்று தொகுதிகளாகப் போட்டிருக்கிறது, அதை முதலில் படியுங்கள்.

கேள்வி: லாஸ்ட் இன் ஸ்பேஸ் தொடரைப் பார்த்துத்தான் கோல்ட் கீ விண்வெளிக் குடும்பக் காமிக்ஸ் போட்டார்கள் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
(திருச்சி வாசகர்)

பதில்: தலைகீழ். ஸ்பேஸ் ஃபேமிலி ராபின்சன் காமிக்ஸ் 1962 டிசம்பரிலேயே வந்துவிட்டது, டான் ஸ்பீகிள் வரைந்தது. தொலைக்காட்சித் தொடர் வந்தது 1965இல், அதிலும் விண்வெளியில் தொலைந்த ஒரு ராபின்சன் குடும்பம். பிறகு ஒரு சமாதானத்துக்கு வந்து, 15ஆவது இதழிலிருந்து காமிக்ஸின் அட்டையில் லாஸ்ட் இன் ஸ்பேஸ் என்ற பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள். காமிக்ஸில் வரும் குடும்பம் வேறு, தொடரின் குடும்பம் வேறு. டாக்டர் ஸ்மித்தையும் ரோபோவையும் தேடி அந்த இதழ்களை வாங்கினால் ஏமாற்றம்தான். ஸ்பீகிளின் படங்களுக்காக வாங்குங்கள்.

கேள்வி: அறுபத்தொன்றில் கட்டாயம் படிக்க வேண்டியவை?
(சேலம் வாசகர்)

பதில்: ஒன்பது, சொல்லிவிட்டேன். நாற்பதில் கப்பலின் மருத்துவரான டாக்டர் மெக்காயின் மகள் வருகிறாள், தொடரில் காட்டாத ஒரு அப்பாவை அதில் பார்க்கலாம். 56இல் காலத்தின் வாயிலாக நிற்கும் கார்டியன் மறுபடி வருகிறது, தொடரின் மிகச் சிறந்த பாகம் என்று பலர் சொல்லும் கதையின் தொடர்ச்சி. கடைசி இதழில் மட் வருகிறார், அந்தப் பித்தலாட்டக்கார வியாபாரி. கடைசிப் பகுதியை வரைந்தவர் பெரும்பாலும் ஆல்டன் மெக்வில்லியம்ஸ். ஜியோலிட்டி அளவு பிரம்மாண்டம் இல்லை, ஆனால் முகங்கள் ஒழுங்காக இருக்கும், கப்பலில் நெருப்பு இருக்காது. அந்தச் சமயத்தில் ரசிகர்களே உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான டக் ட்ரெக்ஸ்லர் பின்னாளில் ஒப்பனைக்காக ஆஸ்கர் வாங்கி, பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடர்களிலேயே வேலை பார்த்தார்.

மூன்று நான்கு இதழ்கள் எனக்குப் பிடிக்கவே இல்லை, பெயர் சொல்லி உங்கள் ஆசையைக் கெடுக்க மாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு இதழைவிட அதிகமாகிறது. வழி உண்டா?
(ஈரோடு வாசகர்)

பதில்: ஒன்றிரண்டாக வாங்காதீர்கள். ஒரே விற்பனையாளரிடம் பத்துப் பன்னிரண்டு இதழ் பார்த்து வைத்து, ஒரே பார்சலாக அனுப்பக் கேளுங்கள், தபால் செலவு அப்போதுதான் பங்கு பிரியும். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, அட்டைக்குள் இதழ் நகராமல் ஒட்டி, அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சிலர் மெல்லிய கவரில் அனுப்பிவிடுகிறார்கள், ஒரு மழை போதும். பார்சலில் உண்மையான விலையை எழுதச் சொல்லுங்கள். குறைத்து எழுதினால் வரி மிச்சம் என்று சில விற்பனையாளர்களே ஆசை காட்டுவார்கள், தொலைந்தால் ஈட்டுத்தொகையும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் வரும், அது போக அது சட்டப்படி தப்பு. அங்கே உறவினர் இருந்தால் அவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, வருகிறவர் கைப்பெட்டியில் கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நடுப்பக்கம் இருக்கிறதா, உள்ளே கூப்பன் எதுவும் வெட்டியிருக்கிறதா? படத்தில் அட்டை பளபளக்கும், உள்ளே கதையின் கடைசிப் பக்கத்தில் சதுரமாக ஓட்டை இருக்கும். அப்படி ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது, விற்றவர் அதைச் சொல்லவில்லை.

கேள்வி: சேர்க்க எல்லாம் இல்லை, எனக்குப் படித்தால் போதும்.
(புதுச்சேரி வாசகி)

பதில்: 2014 முதல் ஐடிடபிள்யூ கெட்டி அட்டையில் புது வண்ணத்தோடு போட்ட தொகுதிகள் போதும். அந்தப் புது வண்ணம் எனக்குக் கொஞ்சம் வழவழப்பாகப் படுகிறது. பழைய அச்சின் புள்ளிகளோடு வேண்டுமென்றால் 1976-77இல் நான்கு தொகுதியாக வந்த எண்டர்பிரைஸ் லாக்ஸ் புத்தகங்களைத் தேடுங்கள். முதல் தொகுதியிலேயே முதல் எட்டு இதழ்கள் அடங்கிவிடும்.

கேள்வி: மார்வெல் போட்ட ஸ்டார் ட்ரெக்கும் இந்தக் கணக்கில் சேருமா?
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: சேராது. 1979 டிசம்பரில் திரைப்படம் வந்தது, மார்வெல் அந்தப் படத்துக்கு மட்டும் உரிமம் வாங்கி 1980 முதல் 82 வரை 18 இதழ் போட்டது. தொலைக்காட்சித் தொடரில் வந்ததைத் தொடக்கூடாது என்ற நிபந்தனை அவர்களுடைய கையைக் கட்டிப்போட்டது. மலிவாகக் கிடைக்கும், வாங்கலாம்.

கேள்வி: பல வருடமாகச் சேர்த்து 61ம் முடிந்துவிட்டது. இனி என்ன செய்வது?
(பெங்களூரு வாசகர்)

பதில்: முதலில் வாழ்த்துகள், உங்கள் பெட்டியைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. அடுத்து விட்மன் 1978 வாக்கில் தடித்த அட்டைத்தாளில் போட்ட டைனாபிரைட் மறுபதிப்புகள் இரண்டு இருக்கின்றன, அவற்றைப் பிடியுங்கள். அதன்பிறகு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் சிண்டிகேட் 1979 டிசம்பர் முதல் 1983 டிசம்பர் வரை நாளிதழ்களுக்குக் கொடுத்த படத்தொடர். முதலில் தாமஸ் வார்கென்டின் எழுதி வரைந்தது. அதைப் போட்ட நாளிதழ்கள் குறைவு, வெட்டி வைத்தவர்கள் அதைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் முழுதாக ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். நாளிதழ்த் தாள் என்பதால் மடிப்பைப் பிரிக்காமல் வாங்குங்கள், வீட்டுக்கு வந்தபிறகு தட்டையான பெட்டியில் வைத்து மெதுவாக விரியுங்கள். கிடைத்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.